ஒஹாயோ ஸ்டேட் – நோட்டர் டேம், ஜனவரி 20, அட்லாண்டா: ஸ்கோர் கணிப்பு இழை

நாலாவது_டவுன் | 13 ஜனவரி 2025, காலை 9:10

போன வாரமே கேட்டீர்கள், இப்போதுதான் திறக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 12 அணி ப்ளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) முதல் தடவையாக நடக்கிறது. இறுதியில் நிற்பது தரவரிசையில் 7-ம் சீடான நோட்டர் டேமும் 8-ம் சீடான ஒஹாயோவும். மெர்சிடீஸ்-பென்ஸ் ஸ்டேடியம், திங்கள் இரவு 7:30 கிழக்கு நேரம்.

விதி பழையதுதான். நாலு விஷயம் எழுத வேண்டும்: இறுதி ஸ்கோர், ஒஹாயோ ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம், எந்த ஒரு காரணத்தால் ஸ்ப்ரெட்டிலிருந்து (பந்தயச் சந்தை வைக்கும் புள்ளி வித்தியாசம்) விலகுகிறீர்கள், எது நடந்தால் உங்கள் கணிப்பு கவிழும். கிக்-ஆஃபுக்குப் பிறகு திருத்தினால் செல்லாது. "எங்க டீம்தான் ஜெயிக்கும்" என்று மட்டும் எழுதுபவர்கள் அரட்டை இழைக்குப் போகலாம், அங்கே நல்ல கூட்டம்.

ஸ்ப்ரெட் இப்போது ஒஹாயோ பக்கம் எட்டரை. மொத்தப் புள்ளி 46 பக்கம்.

---

புதுவரவு_22 | 13 ஜனவரி, காலை 9:48

அண்ணா, ரெண்டு நம்பரும் தலைக்குள்ள போகல. எட்டரைன்னா ஒஹாயோ எட்டரைப் புள்ளியில ஜெயிக்கும்னு அர்த்தமா? அரைப் புள்ளி எப்படி வரும்?

---

கணக்குப்பிள்ளை | 13 ஜனவரி, காலை 10:20

அரைப் புள்ளி போடுவது சமனில் முடியாமலிருக்க. 8.5 என்றால் ஒஹாயோ 9 புள்ளியோ அதற்கு மேலோ ஜெயித்தால் ஒரு பக்கம், 8-க்குள் ஜெயித்தாலோ தோற்றாலோ மறுபக்கம். அவ்வளவுதான். இதை ஆரூடமாகப் பார்க்காதீர்கள் தம்பி, இருபுறமும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரியும் இடம் அது.

இரண்டு எண்ணையும் சேர்த்தால் சந்தை மனதில் வைத்திருக்கும் ஸ்கோர் கிடைக்கும். மொத்தம் 46, வித்தியாசம் 8.5. கூட்டிப் பாதியாக்கினால் 27.25, கழித்துப் பாதியாக்கினால் 18.75. அதாவது 27–19 சுமார். இங்கே 19 அபூர்வமான எண். டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) கூடுதல் உதையோடு 7, ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3 என்று கூட்டிப் பாருங்கள், 17, 20, 24, 27 இவைதான் அடிக்கடி விழும். ஆகவே 27–17, 27–20, 28–20 மாதிரி ஒன்றைத்தான் எழுதியாக வேண்டும்.

ஸ்ப்ரெட்டைச் சதவீதமாக்க: கல்லூரி ஆட்டங்களில் முடிவு ஸ்ப்ரெட்டிலிருந்து விலகும் திட்ட விலக்கம் சுமார் 16 புள்ளி. 8.5-ஐ 16-ஆல் வகுத்தால் 0.53. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்தால் 70 சதவீதம். ஆனால் 16 என்பது எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து. மொத்தம் 46 என்று குறைவாக இருக்கும் ஆட்டத்தில் சிதறலும் குறையும். நான் 14 எடுப்பேன். 8.5/14 = 0.61, அது 73 சதவீதம். புள்ளி குறைவாக விழும் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் எடை கூடும்.

இதுதான் அடித்தளம். இதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் என் முதல் கேள்வி: "இது எட்டரைக்குள் ஏற்கெனவே இருக்கிறதா?" ஒஹாயோவின் ஜெரமையா ஸ்மித் பிரமாதமான ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) என்பது ஊரறிந்த சேதி. அதற்காக இன்னொரு 3 புள்ளி சேர்த்தால் ஒரே சம்பளத்தை இரண்டு தடவை வாங்குவது போல.

---

ஹாஷ்மார்க் | 13 ஜனவரி, மதியம் 12:05

பிள்ளைவாள் வந்துட்டார், இனி யாரும் மூச்சு விட முடியாது.

எனக்கு ஒரு எளிய வழி இருக்கு. ரெண்டு பேரும் மோதின பொது எதிரி மூணு பேர்: இண்டியானா, பென் ஸ்டேட், பர்டூ. ஒஹாயோ ஜெயிச்சது 38–15, 20–13, 45–0. நோட்டர் டேம் ஜெயிச்சது 27–17, 27–24, 66–7. வித்தியாசத்தைக் கூட்டுங்க: 23+7+45 = 75. அந்தப் பக்கம் 10+3+59 = 72. மூணு ஆட்டத்துக்கு மூணு புள்ளி. ஆட்டத்துக்கு ஒண்ணு. எங்கே உங்க எட்டரை?

---

கணக்குப்பிள்ளை | 13 ஜனவரி, மதியம் 1:30

ஹாஷ்மார்க், நல்ல வேலை. ஆனால் பர்டூவை வைத்து மொத்தக் கணக்கையும் தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள்.

முதலில் மைதானத்தைச் சரிசெய்வோம். சொந்த மைதானத்துக்கு 2.5 புள்ளி. ஒஹாயோ இண்டியானாவையும் பர்டூவையும் கொலம்பஸில் சந்தித்தது, பென் ஸ்டேட்டை அவர்கள் ஊரில். திருத்தினால் 20.5, 9.5, 42.5. நோட்டர் டேம் இண்டியானாவைச் சொந்த ஊரில், பென் ஸ்டேட்டைப் பொது மைதானத்தில், பர்டூவை வெளியூரில். திருத்தினால் 7.5, 3, 61.5. கூட்டல் 72.5-க்கு 72. இன்னும் உங்கள் பக்கம் சாய்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது பர்டூவை எடுத்துவிடுங்கள். ஒஹாயோ 30, நோட்டர் டேம் 10.5. ஆட்டத்துக்கு 9.75 வித்தியாசம்! ஒரே ஒரு ஆட்டத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குத் தாவும் அளவுகோலை நம்பி என்ன செய்வது?

நடுவழி உண்டு. எந்த வெற்றியும் 28-க்கு மேல் எண்ணப்படாது என்று மூடி போட்டுவிடுங்கள். ஒஹாயோ 20.5+9.5+28 = 58. நோட்டர் டேம் 7.5+3+28 = 38.5. வித்தியாசம் 19.5, ஆட்டத்துக்கு ஆறரை. மூடி எதற்கு என்றால், 40 புள்ளி முன்னிலைக்குப் பிறகு விழும் டச்டவுன் எதையும் சொல்வதில்லை. மூன்றாம் வரிசை ஆள் மூன்றாம் வரிசை ஆளை ஓடித் தாண்டியிருக்கிறான், அவ்வளவே. நேவி 51–14, ஆர்மி 49–14, ஃப்ளோரிடா ஸ்டேட் 52–3 எல்லாமே அந்த வகை. நோட்டர் டேமின் சராசரிகளை அப்படியே அள்ளிப் போடுபவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள்.

---

ரெட்சோன்_ராணி | 13 ஜனவரி, இரவு 8:15

ஸ்கோரே பார்க்காதீங்க, ப்ளே பாருங்க, அதாவது ஒவ்வொரு முயற்சியையும். 10 யார்டு போக நாலு முயற்சி, ஒவ்வொண்ணும் ஒரு டவுன். நான் போடுறது சக்சஸ் ரேட். முதல் டவுன்ல தேவையான யார்டுல பாதி, ரெண்டாவதுல 70 சதவீதம், மூணாவது நாலாவதுல முழுசு. இது கிடைச்சா வெற்றி, இல்லேன்னா தோல்வி. அவ்வளவுதான் கணக்கு.

புதுவரவுக்காக ஒரு டிரைவ் (பந்து கையில இருக்கற ஒரு தொடர்): 1-க்கு 10, அதாவது முதல் டவுன், 10 யார்டு வேணும், அஞ்சு யார்டு ஓடினா வெற்றி. 2-க்கு 5, மூணே யார்டுன்னா தோல்வி, மூணரை வேணும். 3-க்கு 2, ரெண்டு யார்டு வந்தா வெற்றி. மூணுல ரெண்டு. இதுல நாலாவது குவார்ட்டர்ல 22 புள்ளிக்கு மேல முன்னிலை இருக்கும்போது நடந்த எதையும் நான் சேர்க்க மாட்டேன். முதல் பாதிக்கு இன்னும் பெரிய இடைவெளி வரைக்கும் பொறுத்துக்குவேன்.

இதைப் போட்டுப் பார்க்காதவங்க ஜார்ஜியா ஆட்டத்தைத் தப்பாப் படிக்கறாங்க. 23–10 பார்த்தா நோட்டர் டேம் அஃபென்ஸ் (பந்தோட ஆடற பக்கம்) கலக்கிட்டதா தோணும். நடந்தது என்ன? முதல் பாதி முடியப் போற நேரம் ஃபீல்ட் கோல். உடனே ஜார்ஜியா குவாட்டர்பேக் (பந்தை வீசறவர்) கையில இருந்து பந்து தட்டி விழுந்தது, அடுத்த ப்ளேயில 13 யார்டு டச்டவுன். ரெண்டாம் பாதி கிக்-ஆஃப்பை ஜேடன் ஹாரிசன் 98 யார்டு கொண்டுபோய் டச்டவுன். 54 விநாடியில 17 புள்ளி. அஃபென்ஸ் நீளமா நடந்து வந்து எடுத்தது ரொம்பக் கம்மி. ஜார்ஜியாவோட முதல் குவாட்டர்பேக் கார்சன் பெக்கும் அன்னிக்குக் கிடையாது.

ஒஹாயோ பக்கம் பாருங்க. டென்னஸி 42–17, முதல் குவார்ட்டரே 21–0. ஒரெகன் 41–21, ரெண்டாவது குவார்ட்டர்ல 34–0. அதே ஒரெகன் கிட்ட அக்டோபர்ல 32–31-ன்னு தோத்தவங்க. டிரைவ் மேல டிரைவா நடந்து வந்த புள்ளி அது.

---

ஹாஷ்மார்க் | 13 ஜனவரி, இரவு 9:02

டெக்சஸை விட்டுட்டீங்களே மேடம்? 28–14-னு எழுதி வெச்சிருக்கு. ஆனா நாலாவது குவார்ட்டர் ஆரம்பத்துல 14–14, அப்புறம் ஒஹாயோ 21–14. கடைசியில டெக்சஸ் கோல் லைன் பக்கத்துல நிக்குது, நாலாவது டவுன், 8 யார்டு. ஜாக் சாயர் பந்தைத் தட்டி எடுத்து 83 யார்டு ஓடினார். அது இல்லேன்னா ஓவர்டைம் வரைக்கும் போயிருக்கலாம். அந்த ஆட்டத்துல ஸ்மித்துக்கு எத்தனை கேட்ச்? ஒண்ணு. மூணு யார்டு. அவரை அடக்க முடியும்னு டெக்சஸ் காட்டிட்டாங்க, நோட்டர் டேம் டிஃபென்ஸுக்கு (தடுக்கற பக்கம்) கோச்சான அல் கோல்டன் அந்த ஆட்டப் படம் பார்க்காம இருப்பாரா? இந்த வருஷம் சிறந்த துணைக் கோச்சுக்கான ப்ராய்ல்ஸ் விருது அவருக்குத்தான்.

நவம்பர் 30 மறந்துபோச்சா? மிச்சிகன் 13–10-ன்னு ஒஹாயோவை ஜெயிச்சது. ஒஹாயோ சுமார் 20 புள்ளி ஃபேவரிட்.

---

ரெட்சோன்_ராணி | 13 ஜனவரி, இரவு 9:30

டெக்சஸ் பத்தி ஒத்துக்கிறேன், அது 14 புள்ளி ஆட்டம் இல்லை. ஏழு பக்கம்தான் போடுவேன்.

மிச்சிகன் வேற. அன்னிக்கு ஒஹாயோ குவாட்டர்பேக் ஹவர்ட் ரெண்டு இன்டர்செப்ஷன் (வீசின பந்தை எதிரணி பிடிக்கறது), உதைக்கறவர் ஃபீல்டிங் ரெண்டு உதையைத் தவறவிட்டார், ரெண்டுமே 40 யார்டுக்குள்ள. அதுக்கும் மேல, உள்ளே இடிச்சு ஓடியே தீருவோம்னு அடம். முன்வரிசை நடுவுல நிக்கற சென்டர் மக்லாஃப்லின் காயத்துல போன புதுசு, அந்த இடமே திறந்து கிடந்துச்சு. ப்ளேஆஃப்ல அந்த அடத்தை விட்டுட்டாங்க. வெளியே வீசறாங்க. லெஃப்ட் டாக்கிள் (குவாட்டர்பேக்குக்கு இடது பக்கக் காவல்) ஜாஷ் சிமன்ஸும் அக்டோபர்ல இருந்தே இல்லை, அந்த இடத்துக்குக் கார்டா இருந்த டானவன் ஜாக்சனை நகர்த்தினாங்க. மொதல்ல தடுமாறினார், இப்போ நல்லாவே நிக்கிறார்.

---

நாலாவது_டவுன் | 14 ஜனவரி, காலை 7:40

மிச்சிகன் பற்றிப் பேசினால் நார்தர்ன் இல்லினாயையும் எடுங்கள். செப்டம்பர் 7, நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்ட், 16–14 என்று தோற்றார்கள். நோட்டர் டேம் அன்று நான்கு டச்டவுன் அளவுக்கு ஃபேவரிட். இரண்டு பேரிடமும் ஒவ்வோர் அவமானம் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

காயப் பட்டியலைத் தொகுத்துவிடுகிறேன், ஆளாளுக்கு வேறு வேறு எழுதுகிறீர்கள். நோட்டர் டேமில் கார்னர் (ரிசீவரைக் காவல் காப்பவர்) பெஞ்சமின் மாரிசன் இடுப்பு அறுவை, அக்டோபரிலிருந்து இல்லை. உள் டிஃபென்சிவ் லைன் ரைலி மில்ஸ் இண்டியானா ஆட்டத்தில் முழங்கால், இல்லை. லெஃப்ட் டாக்கிள் அந்தோனி நாப் பென் ஸ்டேட்டோடு ஆடிய ஆரஞ்ச் பௌலில் கணுக்கால், இல்லை. அந்த இடத்துக்குச் சார்ல்ஸ் ஜகுசாவா டோஷ் பேக்கரா என்பது கேள்வி. ரன்னிங் பேக் ஜெரமையா லவ் முழங்காலோடு ஆடிக்கொண்டிருக்கிறார்.

---

கணக்குப்பிள்ளை | 14 ஜனவரி, காலை 11:15

காயத்துக்கு நான் போடும் விலை (புள்ளியில்): குவாட்டர்பேக் 4 முதல் 7 வரை, யார் மாற்று என்பதைப் பொறுத்து. லெஃப்ட் டாக்கிள் ஒன்று. மற்ற எந்த ஒற்றை ஆளும் அரைக்கு மேல் இல்லை. ஒரே வரிசையில் இரண்டு பேர் போனால் மட்டும் கூட்டலைவிட அதிகம் போடுவேன், ஏனென்றால் பக்கத்து ஆள் உதவிக்கு வர முடியாது.

தேதியும் முக்கியம். மாரிசன் மூன்று மாதமாக இல்லை. அவர் இல்லாத நோட்டர் டேமைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதற்கு இப்போது கழித்தால் தவறு. மில்ஸ் போய் ஒரு மாதம், பாதி உள்ளே வந்துவிட்டது. நாப் மட்டும்தான் புதிய சேதி. அதுவும் முதல் நாளிலேயே ஸ்ப்ரெட்டில் ஏறியிருக்கும்.

எனவே காயத்துக்காக என் திருத்தம்: கால் புள்ளி, ஒஹாயோ பக்கம். சிரிக்கலாம். ஆனால் மொத்தத் திருத்தமே ஒன்றரைப் புள்ளியைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போகிறது என்றால் பெரும்பாலும் நான் எதையோ இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன்.

---

புதுவரவு_22 | 14 ஜனவரி, மாலை 6:22

டர்னோவர் (பந்து எதிரணி கைக்குப் போறது) பத்தி யாருமே பேசலையே? நோட்டர் டேம் இந்த வருஷம் பந்து பறிக்கறதுல ரொம்ப முன்னாடி இருக்காங்கன்னு எல்லா இடத்துலயும் போடறாங்க. பென் ஸ்டேட்டையும் அப்படித்தானே சாய்ச்சாங்க?

---

கணக்குப்பிள்ளை | 14 ஜனவரி, இரவு 7:50

நல்ல கேள்வி தம்பி. டர்னோவரை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கீழே விழுந்த பந்தை யார் எடுக்கிறார் என்பது காசு சுண்டுவது போல, பாதிக்குப் பாதி. ஓர் அணி சீசன் முழுக்க 70 சதவீதம் எடுத்திருந்தால் அது திறமையில்லை, அடுத்த வாரம் பாதிக்குத் திரும்பிவிடும். தட்டிவிடுவது திறமை, எடுப்பது யோகம்.

இன்டர்செப்ஷனுக்கு வேறொரு விகிதம். டிஃபென்ஸ் கை வைத்த பாஸ்களில் ஐந்தில் ஒன்று சுமாராகப் பிடியாக மாறும். அந்த விகிதத்தைவிட அதிகம் பிடித்திருந்தால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். நோட்டர் டேமில் சேவியர் வாட்ஸ் போன்ற சேஃப்டி (கடைசியில் நின்று காப்பவர்) இருப்பதால் முழுக்கக் கழிக்க மாட்டேன். அவர் பந்து வரும் இடத்துக்கு முன்பே போய் நிற்கிற ஆள். பென் ஸ்டேட் ஆட்டத்தில் கிறிஸ்டியன் கிரே பிடித்ததும், பிறகு உதைப்பவர் ஜீட்டர் 7 விநாடி மிச்சம் இருக்கும்போது 41 யார்டு உதைத்ததும் அழகு. ஆனால் அது எதிரணி குவாட்டர்பேக் வீசியிருக்கவே கூடாத பந்து. அதை அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துப்போக முடியாது.

---

ஹாஷ்மார்க் | 15 ஜனவரி, காலை 8:30

சரி, ஸ்ப்ரெட்டுக்குள்ள இல்லாத ஒண்ணு சொல்றேன், ஏத்துக்கறீங்களா பாருங்க.

டிரைவ் எண்ணிக்கை. சாதாரணமா ஒரு அணிக்கு 12 டிரைவ் கிடைக்கும். நோட்டர் டேம் தலைமைக் கோச் ஃப்ரீமன் இதை 9-க்கு இறக்கப் பார்ப்பார். எப்படி? அவங்க குவாட்டர்பேக் ரைலி லெனார்டை ஓட விடுவார். குவாட்டர்பேக் ஓடினா டிஃபென்ஸ்ல ஒரு ஆள் குறையும், ஏன்னா சாதாரண ஓட்டத்துல குவாட்டர்பேக் ப்ளாக் பண்றதும் இல்லை, பந்து தூக்கறதும் இல்லை. அவரே தூக்கினா எண்ணிக்கை சரியாயிடும். 3-க்கு 3, 4-க்கு 1 எல்லாம் அவர் தோளை வெச்சே எடுத்துடலாம். லெனார்ட் 15 தடவைக்கு மேல ஓடுவார், எழுதி வெச்சுக்கங்க.

டிரைவ் குறைஞ்சா அண்டர்டாக்குக்கு லாபம். 100 தடவை சுண்டினா சரியான காசு ஜெயிக்கும், 9 தடவை சுண்டினா எதுவும் நடக்கும்.

இன்னொண்ணு, ஃப்ரீமன் தந்திரம். ஜார்ஜியா ஆட்டத்துல சொந்த 18 யார்டு லைன்ல நாலாவது டவுன், 1 யார்டு. பன்ட் டீமை (பந்தைத் தூர உதைச்சு எதிரணிக்குக் குடுக்கறவங்க) அனுப்பி, 11 பேரையும் வெளியே ஓடவிட்டு, அஃபென்ஸை உள்ளே கொண்டுவந்தார். ஜார்ஜியா குழம்பி ஆஃப்சைட். இந்த மாதிரி ஒண்ணு கட்டாயம் இருக்கும்.

---

ரெட்சோன்_ராணி | 15 ஜனவரி, காலை 9:11

லெனார்ட் கணக்கு சரி. ஆனா 20 ப்ளே டிரைவ்ல ஒரு கொடி (தப்புக்குத் தண்டனை), ஒரு சாக் (வீசறதுக்கு முன்னாடியே குவாட்டர்பேக்கைச் சாய்க்கறது) வந்தாப் போதும், மொத்தமும் போச்சு. நிதானமா நடக்கற அணிக்கு நீளமான மூணாவது டவுன்தான் எமன். லெனார்டுக்கு 3-க்கு 9 குடுங்க, அப்புறம் பேசலாம்.

அதோட 14 புள்ளி பின்தங்கிட்டா இந்தத் திட்டம் குப்பை. கடிகாரத்தை ஓட விட முடியாது.

---

கணக்குப்பிள்ளை | 15 ஜனவரி, காலை 10:40

டிரைவ் வாதத்தை ஏற்கிறேன், பாதி. மெதுவாக ஆடுவார்கள் என்பது 46 என்ற மொத்தத்துக்குள் இருக்கிறது. ஆனால் சதவீதத்தில் ஒரு புள்ளி நோட்டர் டேமுக்குத் தருகிறேன். 73 இப்போது 72.

மற்றதில் எதுவும் நகராது. கூரை மூடிய மைதானம், செயற்கைப் புல், காற்று மழை கிடையாது. பொது மைதானம், சொந்த ஊர்ப் புள்ளி பூஜ்யம். ஓய்வு ஒரு நாள் வித்தியாசம் (9-ம் தேதி, 10-ம் தேதி), ஒன்றுமில்லை. "ஃப்ரீமன் ஒஹாயோவில் ஆடியவர், உணர்ச்சிவசப்படுவார்" போன்ற கட்டுரைகளுக்கும் பூஜ்யம். 2022-ல் 21–10, 2023-ல் 17–14 என்று இரண்டு முறையும் ஒஹாயோ ஜெயித்ததற்கும் பூஜ்யம். அந்தக் கடைசி விநாடி டச்டவுன் அன்று நோட்டர் டேம் பக்கம் களத்தில் பத்துப் பேர்தான் நின்றார்கள். அதில் பாடம் கற்றிருப்பார்கள், எண்ணிக்கொள்வார்கள்.

---

ரெட்சோன்_ராணி | 16 ஜனவரி, இரவு 10:05

நான் ஏன் ஸ்ப்ரெட்டை விட மேல போறேன்னா இதுதான். கோல்டனோட டிஃபென்ஸ் அதிகமா மேன் (ஆளுக்கு ஆள் காவல்) ஆடும், மேல ஒரே சேஃப்டி. வாட்ஸ் பந்தைப் பார்த்துட்டே நிக்க முடியறதுக்கு அதுதான் காரணம். அந்த அமைப்புல வெளியே ஸ்மித் தனி ஆளோட நிப்பார். டெக்சஸ் அவரை அடக்கினது ரெண்டு ஆள் வெச்சு. ரெண்டு ஆள் வெச்சா உள்ளே ஒரு ஆள் குறையும், ஒஹாயோ ரன்னிங் பேக் ஹெண்டர்சன் ஸ்க்ரீன்ல (பக்கத்துலயே போடற குட்டைப் பாஸ்) 75 யார்டு ஓடினது அப்படித்தான். கோல்டன் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒண்ணு கிழியும்.

ஒஹாயோ அஃபென்ஸ் கோச் சிப் கெல்லி ஸ்மித்தை மோஷன்ல (ப்ளே தொடங்கறதுக்கு முன்னாடி குறுக்கே நகர்றது) ஓட விடுவார். மேன்ல நிக்கற கார்னர் கூடவே ஓடணும், கூட்டத்துல மாட்டுவார். ரெட் சோன்ல (கடைசி 20 யார்டு) அதைப் பாருங்க.

ஒஹாயோ 31–17. 78 சதவீதம். கவிழ்றது: ஹவர்ட் ரெண்டு இன்டர்செப்ஷன்.

---

நாலாவது_டவுன் | 17 ஜனவரி, மாலை 5:00

ஒஹாயோ 28–20. 70 சதவீதம். ஸ்ப்ரெட்டை விட்டு விலகவில்லை. கவிழ்வது: உதை. ஃபீல்டிங்கும் ஜீட்டரும் இருவருமே நம்ப முடியாத சீசன்.

---

கணக்குப்பிள்ளை | 18 ஜனவரி, காலை 8:00

ஒஹாயோ 27–20. 72 சதவீதம். ஸ்கோரில் ஒன்றரை உள்வாங்கியிருக்கிறேனே என்று யாரும் கேட்க வேண்டாம், 7 அடிக்கடி விழும் வித்தியாசம், 8.5 விழவே விழாது. கவிழ்வது: லெனார்டின் முதல் இரண்டு டிரைவும் டச்டவுன்.

---

ஹாஷ்மார்க் | 19 ஜனவரி, இரவு 11:40

நோட்டர் டேம் 23–21. ஒஹாயோ 45 சதவீதம். காரணம் டிரைவ் எண்ணிக்கை. கவிழ்றது: ரெண்டாவது குவார்ட்டர்ல 14 பின்தங்கினா. தோத்தா ஒரு மாசம் என் ப்ரொஃபைல் படம் ஒஹாயோவோட சிவப்பும் சாம்பலும். போதுமா?

---

புதுவரவு_22 | 20 ஜனவரி, மாலை 7:12

ஒஹாயோ 30–24. 65 சதவீதம். காரணம்: ஃபைனல்ல பின்தங்கற அணி நாலாவது டவுன்ல எல்லாத்துக்கும் துணிவாங்க, அதனால கடைசியில புள்ளி கொட்டும்னு தோணுது. தப்புன்னா திட்டுங்கண்ணா.

---

நாலாவது_டவுன் | 21 ஜனவரி, காலை 8:30

ஒஹாயோ ஸ்டேட் 34, நோட்டர் டேம் 23. வித்தியாசம் 11, மொத்தம் 57.

மதிப்பெண் இப்படி: ஒஹாயோ ஜெயித்ததால் 1-லிருந்து உங்கள் சதவீதத்தைக் கழித்து வர்க்கம் எடுக்க வேண்டும், குறைவு நல்லது. ராணி 0.0484. கணக்குப்பிள்ளை 0.0784. நான் 0.09. புதுவரவு 0.1225. ஹாஷ்மார்க் 0.3025. வித்தியாசத்தில் ராணியும் நானும் 3 தள்ளி, கணக்குப்பிள்ளை 4, புதுவரவு 5, ஹாஷ்மார்க் 13. மொத்தப் புள்ளியில் மட்டும் புதுவரவு 54, மூன்றே தள்ளி. மற்றவர்கள் எல்லாரும் 48-க்குள் முடங்கிவிட்டோம்.

---

ஹாஷ்மார்க் | 21 ஜனவரி, காலை 8:52

முதல் டிரைவைப் பார்த்தீங்களா? 18 ப்ளே, 75 யார்டு, 9 நிமிஷம் 45 விநாடி. லெனார்ட் அதுலயே ஒன்பது தடவை ஓடினார், கடைசியில அவரே டச்டவுன். மொத்தம் 17 ஓட்டம். 15-க்கு மேல்னு சொன்னேனா இல்லையா?

---

ரெட்சோன்_ராணி | 21 ஜனவரி, காலை 9:05

சொன்னீங்க. 17 ஓட்டத்துல 40 யார்டு, அதையும் சொல்லுங்க. முதல் டிரைவோட நாக்கு தள்ளிடுச்சு. ஒஹாயோ முதல் அஞ்சு வாய்ப்புலயும் புள்ளி எடுத்துது, நாலு டச்டவுன், ஒரு ஃபீல்ட் கோல். 7–0 இருந்தது 31–7 ஆச்சு. ஹவர்ட் முதல் 13 பாஸும் சேர்ந்தது.

ஸ்மித்தோட 8 யார்டு டச்டவுன் மோஷன்தான்: உள்ளே போற மாதிரி போய் வெளியே திரும்பினார், பக்கத்துல ஆளே இல்லை. கடைசியில 31–23 இருக்கும்போது 3-க்கு 11, கிரேயோட தனியா நின்னு 56 யார்டு. மேன்ல ஒத்தைக்கு ஒத்தை.

ஆனா 17 புள்ளின்னு போட்டது என் தப்பு. நோட்டர் டேம் ரிசீவர் க்ரேட்ஹவுஸ் 128 யார்டு, ரெண்டு டச்டவுன். ஒரு வாரம் பேசினோம், ஒருத்தராவது அவர் பேரை எழுதினோமா? ஒஹாயோ பக்கம் ரன்னிங் பேக் ஜட்கின்ஸ் பேரும்தான். 11 ஓட்டத்துல 100 யார்டு, ரெண்டாம் பாதி ஆரம்பத்துல ஒரே ஓட்டத்துல 70.

---

கணக்குப்பிள்ளை | 21 ஜனவரி, காலை 10:30

எனக்குப் பிடிபடாதது அந்த உதை. 31–15, நாலாவது டவுன், 9 யார்டு, ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம். ஃப்ரீமன் 27 யார்டு உதையைத் தேர்ந்தார். ஜீட்டரின் பந்து கம்பத்தில் பட்டது.

அவர் பக்கக் கணக்கு இது. 16 பின்தங்கியிருந்தால் இரண்டு டச்டவுனோடு இரண்டு முறையும் 2 புள்ளி முயற்சி (கூடுதல் உதைக்குப் பதிலாக ஓடியோ வீசியோ எடுப்பது) வெல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 45 சதவீதம் வைத்தால் இரண்டும் சேர்வது 20 சதவீதம், அதுவும் சமன் செய்ய மட்டும். 13 ஆக்கிவிட்டால் இரண்டு டச்டவுன், சாதாரண உதை, வெற்றி. இதில் தர்க்கம் இல்லாமலில்லை.

எதிர்க்கணக்கு: உதைத்தாலும் இன்னும் இரண்டு டச்டவுன் தேவை. ஒன்பது நிமிடத்தில் பந்து இரண்டு மூன்று தடவைதான் கைக்கு வரும். 9 யார்டிலிருந்து துணிந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, தவறினால் ஒஹாயோ சொந்த 9-ல் தொடங்கும். புள்ளியைவிட நேரம்தான் தட்டுப்பாடு. நான் துணிந்திருப்பேன், ஆனால் வித்தியாசம் சிறிதுதான். மூன்றாவது குவார்ட்டரில் அவர் பன்ட் போல நடித்து வீசச் சொன்னது தோற்றதைத்தான் பெரிய இழப்பாக எண்ணுகிறேன், அந்தப் பந்திலிருந்துதான் 31-வது புள்ளி வந்தது.

---

புதுவரவு_22 | 21 ஜனவரி, காலை 11:15

அண்ணா, அப்போ லவ்? நாலு ஓட்டம், மூணு யார்டுன்னு இருக்கு. முழங்காலுக்கு நீங்க எதுவுமே போடலையே?

---

கணக்குப்பிள்ளை | 21 ஜனவரி, காலை 11:40

போடவில்லை. அரைப் புள்ளியாவது போட்டிருக்க வேண்டும். ஆடுகிறார் என்றால் ஆடுகிறார் என்று எண்ணிவிட்டேன். எத்தனை ஓட்டம் தாங்குவார் என்று கேட்டிருக்க வேண்டும்.

---

நாலாவது_டவுன் | 21 ஜனவரி, மதியம் 12:10

இழையைப் பூட்டுகிறேன். ஹாஷ்மார்க், படம் இன்னும் பச்சையாகவே இருக்கிறது.

---

ஹாஷ்மார்க் | 21 ஜனவரி, மதியம் 12:14

மாத்தியாச்சு. பிப்ரவரி 21 வரைக்கும் என்னை யாரும் கூப்பிடாதீங்க.